அவசரம் என்று எழுதக்கூடாது

இமெல்டாவுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒரேயொரு விஷயம். என்ன கிழமை? அவ்வளவுதான்.

அவளுடைய புருஷன் செபஸ்தியன் போன ஆவணியில் தகப்பனின் செத்த வீட்டுக்கென்று யாழ்ப்பாணம் போனவன். போய் நாலாம் நாள் சண்டை தொடங்கி, கொழும்புக்கு வருகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஏழு நாளுக்கென்று மூன்று சேட்டோடு போன மனிதன் ஆறு மாதமாக அங்கேயே கிடந்தான். தை மாதக் கடைசியில் ஒரு நாள் எப்படியோ லைன் கிடைத்து, அரை நிமிஷம் கதைத்தான்.

"பிளேனில வர ஆமிக் கிளியரன்ஸ் வரப்போகுது. நாள் தெரிஞ்ச உடன பாதரின்ர ஒஃபிசில இருந்து அறிவிக்கிறன். நீ வீட்டுப் பொலிஸ் துண்டோட இரத்மலானை எயாப்போட்டுக்கு வந்து நிக்கவேணும். ஆள் வராட்டி விடமாட்டாங்கள், இமெல்டா. கேக்குதே?"

"ஓம், ஓம், கேக்குது" என்று அவள் கத்தியபோது லைன் செத்துப்போயிருந்தது.

பொலிஸ் துண்டு என்றால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி, கொட்டாஞ்சேனைப் பொலிசில் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கிய பதிவு. அந்த நாளில் கொழும்பில் தமிழனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடி அதுதான். செபஸ்தியனின் பெயர் அதில் முதலாவது. அந்தத் துண்டைக் காட்டி, இவர் என்னுடைய ஆள், இன்ன இலக்க வீட்டில் இருக்கிறவர் என்று சொல்ல யாராவது வாசலில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை இமெல்டாவுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அடுத்த ஒழுங்கை றொபேட் மார்கழியில் இப்படித்தான் வந்து இறங்கினான். தகவல் பிந்தியதால் கூப்பிட ஆள் போகவில்லை. விசாரிக்கிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய் புளோறன்ஸ் இன்றுவரை ஒவ்வொரு பொலிசாக ஏறி இறங்குகிறாள்.

வெள்ளிக்கிழமை காலை அறிவிப்பு வந்தது. இஸ்ஸதீன் நானாவின் கொமினிகேஷனில், இரண்டு கொம்பியூட்டரும் மூன்று ரெலிபோன் பெட்டியும் உள்ள அந்தக் குட்டிக் கடையில், இமெல்டாவின் மின்னஞ்சலை அவர்தான் திறந்து கொடுத்தார். பாதரின் பங்குக் கந்தோர்க் கிளாக்கர் இங்கிலிஷில் இரண்டு வரி எழுதியிருந்தார்: உங்கள் கணவர் சொல்லச் சொல்ல நான் அடித்த கடிதம் இத்துடன் இருக்கிறது, உடனே பார்க்கவும். இமெல்டா மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தாள். நானா கடிதத்தைத் திறந்தார்.

md;Gs;s ,nky;lh என்று அது தொடங்கியது. பக்கம் முழுக்க அதே கூத்து. இங்கிலிஷ் எழுத்து, ஆனால் இங்கிலிஷ் இல்லை. எழுத்துக்கு நடுவில் கொமாவும் அரைப்புள்ளியும் ஈ மொய்த்த மாதிரி. ஏழாம் வரியில் மட்டும் 2.30 என்று ஒரு இலக்கம் மனிதருக்கு விளங்குகிற மாதிரி இருந்தது. எந்த நாளின் இரண்டரை? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நானா அதை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு குரலைத் தணித்தார்.

"தங்கச்சி, இத ஒருத்தருக்கும் காட்டவாணாம். பாக்கிறவன் கோட் வேர்ட்ஸ் எண்டுதான் நெனப்பான். எனக்கே பயமா ஈக்குது."

அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. மார்கழியில் பொலிஸ் வந்து கடையைக் கிண்டிவிட்டுப் போனதிலிருந்து அவர் தன் நிழலையே சந்தேகப்பட்டார். இமெல்டா தாளை நாலாக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அவள் சும்மா இருந்தாள் என்று யாரும் சொல்லமுடியாது. பங்குக் கந்தோருக்குப் பதில் போட்டாள், ஒரு சத்தமும் இல்லை. பிளேன் கொம்பனிக்குப் போய்க் கேட்டாள், பயணிகளின் பெயர் சொல்லமாட்டோம் என்றார்கள். சனிக்கிழமை அந்த இரண்டரையை மட்டும் நம்பி இரத்மலானைக்குப் போய் வாசலுக்கு எதிரில் நின்றாள். காவலுக்கு நின்ற சிப்பாய் கூப்பிட்டு, அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு, இன்னொரு தரம் காரணமில்லாமல் இங்கே நின்றால் பிடித்துக் கொடுப்பேன் என்று சிங்களத்தில் சொன்னான். தினமும் போய் நிற்கலாம் என்ற எண்ணம் அதோடு போயிற்று. அவளைப் பிடித்து அடைத்தால் துண்டைக் கொண்டு யார் போவது?

மிச்சம் இருந்தது ஒன்றுதான். மன்றம்.

கொம்பியூட்டரில் என்ன கரைச்சல் என்றாலும் தமிழிலேயே கேட்கலாம், உலகம் முழுக்க இருந்து படித்த ஆட்கள் பதில் சொல்வார்கள் என்று நானாவின் மருமகன் முன்பு சொல்லியிருந்த இடம் அது. அவன் இப்போது கட்டாரில். வெள்ளிக்கிழமை பின்னேரமே நானா அவளுக்கு அங்கே ஒரு பெயர் பதிந்து கொடுத்தார். இமெல்டா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினாள். தமிழ் எழுத்து எப்படி வரவைப்பது என்று தெரியாததால், தமிழையே இங்கிலிஷ் எழுத்தில் எழுதினாள். இத்தனைக்கும் புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் பதினாறு வருஷம் காணி உறுதியும் சத்தியக்கடதாசியும் தமிழில் அடித்துத் தள்ளியவள். ஆனால் அது ரைப்ரைட்டர். அதன் கட்டைகளில் தமிழ் மட்டும்தான் இருந்தது. நொத்தாரிசு கனடாவுக்குப் போனார், மிசின் பழைய இரும்புக்குப் போயிற்று, இமெல்டா மருந்துக்கடையில் நிற்கப் போனாள். இந்தப் பெட்டி அவளுக்கு வேற்று நாடு.

தலைப்பு: அவசரம், உதவி. கீழே: "வணக்கம். எனக்குக் கொம்பியூட்டர் ஒண்டும் தெரியாது. ஒரு கடிதம் வந்திருக்கு. திறந்தால் எல்லாம் இங்கிலிஷ் எழுத்து. வாசிக்கேலாது. தயவுசெய்து ஆராவது சொல்லுங்கோ. மிச்சம் அவசரம்."

சனிக்கிழமை இரத்மலானையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது ஒன்பது பதில்கள் வந்திருந்தன. அவளுக்கு உயிர் வந்தது. ஐயோ பாவம், உயிர் வந்தது என்றுதான் நினைத்தாள்.

முதலாவது ஆள் நெறியாளர். பெயரே அதுதான். "தலைப்பில் அவசரம், உதவி என்றெல்லாம் எழுதக்கூடாது. விதி நான்கு. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதக்கூடாது. விதி இரண்டு. முதலில் தமிழில் தட்டச்சக் கற்றுக்கொண்டு வாருங்கள்."

பதினாறு வருஷம் அடித்தவளுக்கு! இமெல்டா அதைக்கூட யோசிக்கவில்லை. முகம் சிவந்து, அடுத்ததைப் படித்தாள். வன்பொருள் வேந்தன் என்று ஒருவர், சென்னையாம். "என்ன இயங்குதளம்? என்ன குறியேற்றம்? எதுவுமே சொல்லாம கேட்டா நாங்க என்ன ஜோசியமா பார்க்கிறது?" அதற்குக் கீழே ஒருவர்: "அதானே! கிளி ஒண்ணு வாங்கி வைங்க தலைவா." அதற்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரிக்கிற மஞ்சள் முகங்கள், ஏழு.

அவளுக்குச் சுள்ளென்று தைத்தது ரொறன்ரோவிலிருந்து வந்ததுதான். அது எங்கட ஆள். பேச்சிலேயே தெரிந்தது. "மேல தேடல் எண்டு ஒரு பெட்டி இருக்கு. கண் தெரியேல்லையோ? இதே கேள்வி இருநூறு தரம் வந்திட்டுது. உங்களப் போல ஆக்களாலதான் தெரிஞ்சவன் எல்லாம் மன்றத்த விட்டு ஓடுறான்."

அவர்களும் கெட்டவர்கள் என்று இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்டு முகம் தெரியாதவனுக்கு வழி சொல்லிக் கொடுத்த காலமும் அவர்களுக்கு இருந்திருக்கும். இருநூறாவது ஆள் வரும்போது அலுத்துவிட்டது. ஆனால் இருநூறாவது ஆளுக்கு அது முதல் தரம் என்பது அந்த மேதாவிகளில் ஒருவருக்காவது உறைத்ததா என்றால், இல்லை.

இமெல்டா தேடல் பெட்டியைத் தேடிப் பிடித்தாள். அதற்குள் என்ன எழுதுவது? வருத்தத்துக்குப் பெயர் தெரியாதவன் மருந்துக்கடையில் வந்து நின்று முழிப்பதை அவள் தினமும் பார்க்கிறவள். தன் நோயின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. திரும்பவும் குத்தினாள்: "மன்னிச்சுக் கொள்ளுங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாது. குறியேற்றம் எண்டால் என்ன?"

அவ்வளவுதான், கோவில் பெருநாளுக்கு வெடி கொளுத்திய மாதிரி ஆயிற்று. இது பாலர் வகுப்பு இல்லை என்றார் ஒருவர். இன்னொருவர் மட்டும் கொஞ்சம் தணிவாக, "கோப்பை இங்கே ஏற்றுங்கள், பார்க்கலாம்" என்று எழுதினார்.

கோப்பை ஏற்றுவதா! செபஸ்தியனின் பெயர், வீட்டு விலாசம், எந்த நாள் எந்த நேரம் எங்கே வந்து இறங்குவான் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதை உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் தொங்கவிட்டால் யார் யார் பார்ப்பார்கள்? கொட்டாஞ்சேனையில் ஆள் பிடிக்கிற வெள்ளை வான் ஒன்று மெதுவாகப் போனாலே சனம் கதவைச் சாத்துகிற காலம். அந்தக் காரணத்தையும் அங்கே எழுத முடியாது. எழுதினால் அதுவே வில்லங்கம். "கடிதத்தைக் காட்டேலாது, குறை நினைக்கவேண்டாம்" என்று மட்டும் எழுதினாள்.

ஞாயிறு பூசை முடிந்து முக்காட்டோடு ஓடி வந்து பார்த்தாள். "அவசரமாம், ஆனா கோப்பைக் காட்ட மாட்டாங்களாம். யாரோ வேணும்னே விளையாடுறாங்க" என்று வேந்தன் எழுதியிருந்தார். அதன் கீழே நெறியாளர் ஒரு பூட்டுப் படம் போட்டிருந்தார். திரி மூடப்பட்டது.

"என்ன தங்கச்சி, பதில் கெடச்சா?"

"பூட்டிப்போட்டாங்கள், நானா. கேள்வியையே பூட்டிப்போட்டாங்கள்."

அன்றைக்குப் பின்னேரம் இரண்டரைக்கு அவள் குசினியில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது இறங்கியிருப்பானோ? இறங்கி, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானோ? நாலு மணி வரைக்கும் ரெலிபோனையே பார்த்தாள். சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை வெட்கத்தையும் ரோசத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மன்றத்தில் புதுக் கேள்வி ஒன்று போட்டாள். இந்த முறை அவசரம் என்று எழுதவில்லை. "ஐயாமாரே, பகிடி இல்லை, நான் விளையாடேல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது. வாசிக்க ஒரு வழி சொன்னால் காணும். கோடி புண்ணியம்."

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. மூடிய கேள்வியைத் திரும்பக் கேட்டதற்காக அவளையே வெளியேற்றிவிட்டார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி, அதற்கு மேல் அவளுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. பின்னேரம் இரண்டரை திரும்பவும் வந்தது. அதுவும் போயிற்று.

செவ்வாய் பதினொன்றரைக்கு, பங்குக் கந்தோரிலிருந்து ஏதாவது வந்திருக்குமோ என்ற நப்பாசையில் இமெல்டா கடைக்கு வந்தாள். வந்திருந்தது வேறொன்று. மன்றத்தில் அவளுக்கு யாரோ தனியாக எழுதிய கடிதம், வெளியேற்றப்படுவதற்கு முந்தியே அனுப்பியது, மின்னஞ்சலுக்கு வந்து கிடந்தது. துளிர் என்று பெயர். மதுரையாம்.

"அக்கா, நானும் போன வருஷம் இதே கேள்வியைக் கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி அழுதேன். அங்க எல்லார் முன்னாடியும் எழுத எனக்கு இன்னும் பயம், அதான் தனியா எழுதுறேன். அது வைரஸ் இல்ல, யாரும் பூட்டி வைக்கவும் இல்ல. அடிச்சவங்க தமிழ் டைப்ரைட்டர்ல அடிக்கிற மாதிரியேதான் அடிச்சிருக்காங்க. மன்றத்துல தெரியிற தமிழ் எழுத்து வேற, இது வேற, இது உங்க மெஷின்ல இல்ல. அதனால அந்தக் கட்டையில இருக்கிற இங்கிலீஷ் எழுத்து தெரியுது, அவ்வளவுதான். எழுத்தை இறக்கிப் போட்டா சரியாயிடும். எப்படின்னு எனக்கும் சரியாத் தெரியாது, எங்க அண்ணன்தான் செஞ்சு குடுத்தான். பக்கத்துல தமிழ் டைப் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க அக்கா."

நானா தோளுக்கு மேலால் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அல்லாஹ்வே! அந்த எழுத்தெல்லாம் நான்தானே மருமகன்ட சொல்லி அழிச்ச. பொலிஸ் வந்து போன பொறகு, மிசினோட வந்தது போக நாங்க போட்ட தமிழ் எழுத்து ஒண்டும் கெடக்கவாணாம் எண்டு. எனக்கு ஓடவே இல்லியே தங்கச்சி."

இமெல்டா துளிரின் கடிதத்துக்கே திரும்பினாள். கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் டைப் தெரிஞ்சவங்க யாராவது. செபப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்து விரித்தாள். இரண்டு கைகளையும் கட்டைகளின் மேல் வைத்தாள். ஒற்றை விரலால் இல்லை. எட்டு விரலையும், புதுக்கடையில் வைத்த மாதிரி. தமிழ்க் கட்டைகளின் நடுவரிசை, யளனக, டமதா. வைத்தவுடன் விரல்கள் தங்கள் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டன.

முதல் எழுத்து m. அது எங்கே இருக்கிறது என்று பார்த்து அடித்தாள். வலது சுட்டுவிரல் கீழ்வரிசைக்கு இறங்கியது. அந்த இடம் அ. அடுத்தது d, இடது நடுவிரல், ன. அரைப்புள்ளி, சின்ன விரல், புள்ளி. G, ஷிஃப்ட் கட்டையோடு, பு. திரையில் அதே இங்கிலிஷ் குப்பைதான் விழுந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை.

"அன்பு..." என்றாள். "நானா, அன்புள்ள எண்டு இருக்கு. அன்புள்ள இமெல்டா!" விரலைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதுங்கோ நானா, நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ!"

பள்ளியில் லுஹருக்கு, மத்தியானத் தொழுகைக்கு, பாங்கு சொன்னது. நானா எழும்பிக் கதவைப் பாதி இழுத்து விட்டு, தொழுகையைக் கடைக்குள்ளேயே பிறகு வைத்துக்கொள்வோம் என்று திரும்பி வந்து, பென்சிலை எடுத்தார். அவள் விரலால் தடவித் தடவிச் சொன்னாள், அவர் வரிக்கு வரி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டாம் பந்தியில் வேகம் வந்துவிட்டது. நான் சுகம். உன் சுகத்துக்குச் செபிக்கிறேன். அப்பாவின் மணிக்கூட்டைக் கொண்டு வாறன். இதெல்லாம் இப்போ ஆருக்கு வேணும், மனுஷா, நாளைச் சொல்லு! ஏழாம் வரிக்கு வந்தாள்.

"வாற... செவ்... செவ்வாய்."

நானாவின் பென்சில் நின்றது. இரண்டு பேரும் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்க்கவில்லை, அதற்குத் தேவை இருக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்கள். ஒன்றே கால்.

வீட்டுக்கு ஓடித் துண்டை எடுத்து, ஓட்டோ பிடித்து, கோட்டைப் பக்கம் ஒரு சோதனை, கொள்ளுப்பிட்டியில் ஒரு சோதனை. வெள்ளவத்தையில் இறக்கியே விட்டார்கள். பையைக் கிளறிய சிப்பாய் செபப் புத்தகத்தை விரித்தான். தாள் வெளியே வந்தது.

"மே மொனவத?" என்றான், புருவத்தைச் சுருக்கி.

இது என்ன என்று எப்படிச் சொல்வது? "மகே மஹத்தயாகே லியும" என்றாள். என் புருஷனின் கடிதம். அவன் இங்கிலிஷ் பக்கத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தாளைத் திருப்பிப் பென்சில் பக்கத்தைப் பார்த்தான், பெரியவனைக் கூப்பிடப் போனான். மணி இரண்டு ஐம்பது. பெரியவன் வந்தான். இமெல்டா பொலிஸ் துண்டை நீட்டி, பிளேன், இரத்மலானை, மஹத்தயா என்று கிடைத்த சொல்லையெல்லாம் சொல்லி அழுதாள். வெட்கம் பார்க்கவில்லை. அவன் கடைசியில் தாளைத் திருப்பிக் கொடுத்து, போ என்று கையைக் காட்டினான்.

இரத்மலானையில் மற்றச் சனம் எல்லாம் போய்விட்டிருந்தது. வாசலுக்கு உள்ளே ஒரு ஜீப் எஞ்சின் போட்டபடி நின்றது. அதன் பக்கத்தில், கயிறு கட்டிய காட்போட் பெட்டியோடு, இளைத்துக் கறுத்து, ஒரு மனிதன். அவனுடைய முழங்கையை ஒரு பொலிஸ்காரன் பிடித்திருந்தான்.

"இருக்கு! துண்டு இருக்கு!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு இமெல்டா ஓடினாள்.

அவர்கள் பெயரைப் பார்த்தார்கள், முத்திரையைப் பார்த்தார்கள், அடையாள அட்டையோடு ஒட்டிப் பார்த்தார்கள். கால் மணித்தியாலம் எடுத்தது. பிறகு பொலிஸ்காரன் கையை எடுத்தான். ஜீப் வெறுமையாகப் போனது.

பெட்டியோடு ஓட்டோவில் ஏறினார்கள். காலி வீதிக்கு வந்ததும் செபஸ்தியன் கேட்டான்.

"ஏனப்பா இவ்வளவு சுணக்கம்? இன்னும் ரெண்டு நிமிஷம் எண்டால் ஏத்தியிருப்பாங்கள். கடிதம் வெள்ளியே வந்திருக்குமே?"

"வந்தது. வாசிக்கேலாமல் போச்சு. எல்லாம் இங்கிலிஷா விழுந்து கிடந்தது."

"ஓமோம், கிளாக்கரும் அதைத்தான் கேட்டவர். அங்க எழுத்து இல்லாட்டி வாசிக்கேலாதே, இங்கிலிஷில எழுதுவமோ எண்டு." அவன் பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டான். "நான்தான் சொன்னன், வேண்டாம், நீர் தமிழில அடியும், என்ர மனுசி பதினாறு வருஷம் தமிழ் அடிச்சவ, எழுத்தே இல்லாட்டியும் விரலால வாசிப்பா எண்டு."

இமெல்டா தன் கைகளைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கடைசியில் அழுகைதான் வென்றது.

"என்னப்பா, இப்ப என்னத்துக்கு அழுறாய்? நான் வந்திட்டன்தானே."

"நாலு நாளா," என்றாள் அவள், "எனக்கு ஒண்டும் தெரியாது, எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு உலகம் முழுக்க எழுதிப் போட்டனப்பா. அவங்களும் ஓமெண்டு சொல்லிப்போட்டாங்கள். நானும் நம்பிப்போட்டன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஓட்டோ திரும்பவும் வேகம் குறைந்தது. இமெல்டா துண்டை எடுத்துத் தயாராக வைத்தாள்.